துளிர்விட்ட பெஞ்சு

ஊரில் அந்தத் தச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ரசமட்டம் என்றால்தான் திரும்புவார். பலகை சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே நீர்க்குமிழி ஓடும் அந்தச் சின்னக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைகிற மனிதர். உறவுக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், தட்டு வருவதற்கு முன்னால் அது மேசைமேல் ஏறிவிடும். கிழக்குப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்பார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்குமா? ஆனாலும் மனுஷன் கெட்டவர் இல்லை. மறுநாளே உளியும் கையுமாக வந்து, ஒரு பைசா வாங்காமல் மேசைக்காலைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார்.

கோணல் அவருக்கு ஆகாது. ஈரம் அதைவிட ஆகாது. ஈர மரத்தில் வேலை செய்கிறவனைத் தச்சன் கணக்கில் சேர்க்கவேமாட்டார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ நாற்றுக்காரி. கண்ணில் பட்ட குச்சியை எல்லாம் மண்ணில் செருகித் தண்ணீர் ஊற்றுகிற ஜாதி. உடைந்த வாளி, ஓட்டைக் குடம், பால் பாக்கெட், அடி போன சட்டி, எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று முளைத்துக்கொண்டிருக்கும். முற்றத்தின் ஒரு பக்கம் அவர் மரத்தைக் காயப்போடுவார். மறுபக்கம் அவள் தண்ணீர் தெளிப்பாள். ஒரு துளி இந்தப் பக்கம் தெறித்தால் போதும், இரண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கூத்துதான்.

அவருக்கு ஒரு குறை உண்டு. வெளியே சொல்லமாட்டார். அந்த ஊரில் அவர் கை படாத மாட்டுக்கொட்டகை கிடையாது. கோழிக்கூடு, கிணற்றுமூடி, ஓட்டுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும் விட்டம் எல்லாம் அவர் வேலைதான். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்கும்படி ஒரு பெரிய வேலை அவருக்கு அமையவே இல்லை. கோழியா கேட்கப்போகிறது?

இந்த நிலைமையில்தான் ஊரில் வாசகசாலை எழும்பியது. சுவர் முடிந்து, கூரை முடிந்து, கதவு, ஜன்னல், அலமாரி, நடுவில் பன்னிரண்டு பேர் உட்காரும் நீள மேசை என்று தச்சுவேலை மட்டும் பாக்கி. அந்த மேசையை நினைத்து நினைத்து ரசமட்டத்துக்குத் தூக்கம் போயிற்று. இந்த வேலை தனக்குக் கிடைக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று வராது என்பது அவருக்குத் தெரியும். வாசகசாலைக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் ரைட் ரைட் என்று முடிப்பதால் அவர் பெயரே ரைட்டு. கூட இருப்பவர் நூலகர் அம்மா. ஆறு வருடமாகப் புத்தகங்களை ஆஸ்பத்திரியின் பின்னறையில் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு மூட்டை மூட்டையாக அவிழ்த்துத் தேடிக் கொடுக்கிற பொறுமைசாலி.

வேலைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ரசமட்டம் ஒருவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அக்கரையார் என்று அழைக்கப்படும் தச்சர் இன்னொருவர். யார் மனதையும் நோகடிக்க விரும்பாத ரைட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரும் ஊருக்குப் பொதுவாக ஆளுக்கொரு பொருள் செய்து வைக்கவேண்டும். ஒரு மாதம் அது வெயிலிலும் மழையிலும் கிடக்கட்டும். வசந்தம் பிறந்து, பாதையோரம் பூச்செடி நட ஊரே கூடும் ஞாயிற்றுக்கிழமை அன்று, எது எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு சொல்லலாம்.

அக்கரையார் அறிவிப்புப் பலகை செய்தார். ரசமட்டம் பஸ் நிறுத்தத்துக்குப் பெஞ்சு. நாலு காலும் இரண்டடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கும். பின்கால் இரண்டும் மேலே உயர்ந்து சாய்மானத்தைத் தாங்கும். உட்காரும் பலகை அவரிடம் இருந்தது, எலும்பு மாதிரி காய்ந்த பலகை. கால்களுக்குத்தான் கனமான மரம் இல்லை. வாய்க்கால் கரையில் போன வருடப் புயலில் விழுந்த மரம் ஒன்று கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஊருக்கு மரம் ஏற்றிவரும் லாரிக்காரர். விழுந்து ஒரு வருடம் என்றால் காய்ந்திருக்கும் என்று ரசமட்டம் கணக்குப் போட்டார். வேறு சமயமாக இருந்தால் விரலால் தட்டிச் சத்தம் கேட்டு, தூக்கி எடை பார்த்து, கொட்டகையில் இன்னும் மூன்று மாதம் போட்டுவைத்துத்தான் ரம்பத்தை எடுப்பார். ஆனால் அக்கரையார் பலகைக்கு வார்னிஷே அடித்துவிட்டார் என்று அன்றைக்குப் பார்த்துச் செய்தி வந்துவிட்டது. நாலே நாளில் பெஞ்சு நின்றது.

நின்றதென்றால் அப்படி நின்றது! குமிழி நட்டநடுவில். ஊரே உட்கார்ந்து பார்த்தது. பஸ் வந்து நின்ற பிறகும் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை. வழக்கம்போலக் குமிழிக் கருவியைப் பெஞ்சின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தவரின் கண் இடது பின்காலில் போய் நின்றது. அரிசி அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. பெயிண்ட் தெறித்திருக்கிறது என்று நகத்தால் சுரண்டினார். சுரண்டிய இடம் ஈரமாக இருந்தது. குனிந்து மற்ற கால்களைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, ஏழு.

நேரே வாய்க்கால் கரைக்கு ஓடினார். மரம் விழுந்தது உண்மைதான். ஆனால் பாதி வேர் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. படுத்த படுக்கையாகவே அந்த மரம் ஒரு வருடம் முழுக்கத் தண்ணீர் குடித்து உயிரோடு இருந்திருக்கிறது! குச்சியை ஒடித்து நட்டாலே பிழைக்கிற மரம். அதிலிருந்து நாலு கால் அறுத்து, இரண்டடி ஆழத்தில் நட்டு, சுற்றி மண்ணையும் மிதித்து இறுக்கிவிட்டு வந்திருக்கிறார் மகானுபாவர். அறுக்கும்போது தூள் பறக்காமல் ரம்பத்தில் அப்பியது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அப்போதும் கவனித்தார்தான். ராத்திரி பெய்த மழையின் ஈரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இனி என்ன செய்வது? பெஞ்சைப் பிடுங்கினால் ஊர் கேட்கும். விட்டால் ஊர் பார்க்கும். ஈர மரத்தில் பெஞ்சு போட்டவனுக்கு வாசகசாலையா? அக்கரையாரே சிரிப்பார். யோசித்து யோசித்து அவர் கண்ட வழி, விடிவதற்குள் வந்து துளிர்களைக் கிள்ளி எறிவது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது அந்தத் திருட்டுப் பிழைப்பு. கையில் ஒரு துணி, சும்மா ஒப்புக்கு. பெஞ்சைத் துடைப்பதுபோலக் குனிந்து, துளிரைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். முதல் பஸ் ஏற வருகிறவர்கள் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டி வியந்தார்கள். செய்து வைத்ததோடு விடாமல், தினமும் வந்து துடைத்துவிட்டுப் போகிறாரே, இப்படி ஒரு தச்சர் எந்த ஊரில் உண்டு என்று பேச்சு பரவியது. ரைட்டு ஒருநாள் அவர் தோளில் தட்டி, வேலைன்னா இப்படி ஒரு பக்தி வேணும், ரைட் ரைட் என்றுவிட்டுப் போனார். பாராட்டு ஒவ்வொன்றும் ரசமட்டத்துக்கு முள்ளாகக் குத்தியது. பல்லைக் காட்டிச் சமாளித்தார்.

வேடிக்கை என்னவென்றால், கிள்ளக் கிள்ளத் துளிர் அதிகமானது. ஏழு இருந்தது பதினைந்தாயிற்று. பதினைந்து முப்பதாயிற்று. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே மனைவி பூச்செடி நாற்றுகளின் நுனியை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எதற்காக அதைப் பாழாக்குகிறாய் என்று கேட்டார்.

"பாழா? நுனியைக் கிள்ளினாத்தாங்க ஒண்ணு ரெண்டா வெடிக்கும். ரெண்டு நாலாகும். புதராப் படரணும்னா கிள்ளிக்கிட்டே இருக்கணும்."

ரசமட்டத்தின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் விடியற்காலையில் எழுந்து போய்த் தன் பெஞ்சுக்குத் தானே தோட்டவேலை பார்த்திருக்கிறார்! இதே முற்றத்தில் இதே வேலையை இருபத்திரண்டு வசந்தமாக அவள் செய்திருக்கிறாள். ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கிள்ளுவதை நிறுத்தினார். மறைப்பதற்கு வேறு வழி தேடினார். ஆபத்துக்கு அக்கா ஞாபகம் வந்தாள்.

அவருடைய அக்கா, கம்பளி நூலில் பின்னல் போடும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி. தினமும் பத்து மணிக்கு அந்தக் கூட்டம் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில்தான் கூடும். எந்தப் பொருளுக்கும் உறை போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். ரேடியோவுக்கு உறை, தண்ணீர்ப் பானைக்கு உறை, சைக்கிள் சீட்டுக்கு உறை. உறை போடாமல் விட்டது ஆளுக்கொரு புருஷனைத்தான்; அவர்களுக்கும் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டாயிற்று. பெஞ்சுக் காலுக்கு நாலு உறை பின்னிக் கொடுக்க முடியுமா என்று தம்பி கேட்டதும் அக்காவுக்குக் கண் விரிந்தது. வாழ்நாளில் ஒரு தடவைகூட அவள் பின்னலை நல்லா இருக்கிறது என்று சொல்லாத தம்பி!

"என்னடா தம்பி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள்.

அழகுக்குத்தான் என்று மென்று விழுங்கினார். இரண்டே நாளில் நாலு காலுக்கும் சிவப்பும் மஞ்சளுமாக உறை ஏறியது, சாய்மானத்தூண் வரைக்கும். ஒரு வாரம் ரசமட்டம் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் வசந்தகாலத்தை உறை போட்டு நிறுத்த முடியுமா? நல்ல வெயில். நடுவில் இரண்டு நாள் தூறல். கம்பளிக் கதகதப்பு வேறு. பின்னலின் துவாரம் ஒவ்வொன்றிலிருந்தும் குட்டிக் குட்டியாகப் பச்சை எட்டிப் பார்த்தது. முதலில் பார்த்த அக்கா, தன் கூட்டத்தில் யாரோ சொல்லாமல் கொள்ளாமல் பச்சை நூலில் இலை பின்னிச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். யாரம்மா இது, இவ்வளவு நயமாகப் போட்டிருக்கிறது என்று கேட்டாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இல்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்த தையல்காரி மட்டும் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாம் நாள் இலை விரல் நீளம் ஆகியிருந்ததைப் பார்த்ததும், நான் செய்யவில்லை அக்கா என்று முதல் ஆளாகச் சத்தியம் செய்தவளும் அவள்தான்.

அது சனிக்கிழமை. விடிந்தால் தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பாதையோரம் ஊரே திரண்டது. நாற்றுக்காரி ஒரு மாதமாக வளர்த்த நாற்றுகள் கூடை கூடையாக வந்து இறங்கின. மண்வெட்டிச் சத்தமும் பேச்சும் சிரிப்பும் காதைப் பிளந்தன. ரசமட்டம் மட்டும் ஒரு நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, தோண்டிய குழியையே தோண்டிக்கொண்டு நின்றார். ரைட்டும் நூலகர் அம்மாவும் அக்கரையாரின் அறிவிப்புப் பலகையை முதலில் பார்த்தார்கள். கம்பி மாதிரி நின்றது, ஒரு வெடிப்பு இல்லை. பிறகு எல்லோருமாகப் பெஞ்சுக்கு வந்தார்கள்.

ரைட்டு ஓர் இலையைப் பிடித்து இழுத்தார். இலை கையோடு வந்தது. முகர்ந்து பார்த்தார். கம்பளி உறையைக் கீழே உருட்டினார். நாலு காலிலும் பச்சைப் பசேலென்று புதர்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டது கேட்டது. ரசமட்டத்துக்குக் காது சுட்டது. அப்போது கூடையைக் கீழே வைத்துவிட்டு மனைவி முன்னால் வந்தாள்.

எல்லாரும் என்ன இப்படி முழிக்கிறீர்கள் என்று கேட்டாள். இது உயிருள்ள பெஞ்சு. காய்ந்த பெஞ்சை எந்தத் தச்சனும் செய்வான். இது வருடா வருடம் துளிர்க்கும், தானே நிழல் கொடுக்கும். எனக்காக யோசித்து யோசித்துச் செய்தார் இவர். நானும் செடிகளுக்கு ஊற்றும்போது இதற்கும் ஒரு குடம் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சொல்லும்போது அவள் கணவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் கைதட்டியது. பின்னல் பெண்கள்தான் பலமாகத் தட்டினார்கள். ரைட்டுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. இப்படி ஒரு மூளை இந்த ஊரில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்றார். நூலகர் அம்மாவைப் பார்த்தார். அவர் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ரைட்டு கையை உயர்த்தினார். வாசகசாலை வேலை ரசமட்டத்துக்கே. வாய்க்கால் கரையில் அந்த மரம் இன்னும் பாதி மீதி இருக்கிறதாமே, அதையே அறுத்துக் கதவு, ஜன்னல், மேசை எல்லாவற்றையும் மழைக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிடட்டும். ரைட் ரைட்.

ரசமட்டம் கேட்டுக்கொண்டு நின்றார். ஜென்மம் முழுக்க ஆசைப்பட்டது கையில் வந்து விழுந்திருக்கிறது. தலையை ஆட்டினால் போதும். அந்த மேசை அவர் கண்முன் வந்தது. ஆறே மாதத்தில் வில்லாக வளைந்து, நடுவில் வெடித்து, புத்தகம் வைத்தால் உருண்டு விழும் மேசை.

"அவ சொன்னது பொய்ங்க" என்றார். "என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா. இது யோசிச்சு செஞ்சதில்ல. ஈர மரம். அறுக்கும்போதே தூள் ரம்பத்துல அப்பிச்சு, நான் பாத்தேன். மழை ஈரம்னு சொல்லி என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். அக்கரையார் முந்திடுவாருன்னு பயம்."

ரைட்டுக்குப் புரிய நேரமாயிற்று. அப்படியானால் தினமும் வந்து துடைத்தது என்று இழுத்தார். துடைக்கவில்லை, கிள்ளிக்கொண்டிருந்தேன் என்றார் ரசமட்டம். இந்தத் தடவை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். ரசமட்டம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அந்த மரத்துல கதவு செஞ்சா முதல் மழைக்கே முறுக்கிக்கும். திறந்தா மூடாது. மேசைக்குத் தோதான மரத்தை இனிமேதான் நான் வாங்கிக் காயவைக்கணும். ஒரு வருஷம் ஆகும். அதுக்குக் குறைஞ்சு முடியும்னு சொன்னா, மறுபடியும் பொய் சொன்ன மாதிரி."

சொல்லிவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தார். மனைவி பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

கூட்டத்தில் நின்றிருந்த அக்கரையார் பெஞ்சிடம் வந்தார். குனிந்து பலகைக்கு அடியில் பொருத்துகளைத் தடவிப் பார்த்தார். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். கால் மரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் மேல்வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்றார். தன்னிடம் கதவுக்கும் ஜன்னலுக்கும் போதுமான காய்ந்த மரம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. மேசைக்கு என்றால் தானும் ஒரு வருடம்தான் கேட்கவேண்டும் என்றும் சொன்னார்.

எல்லோரும் நூலகர் அம்மாவைப் பார்த்தார்கள். காத்திருக்கவேண்டியது அவருடைய புத்தகங்கள்தானே.

"கதவும் ஜன்னலும் அவர் செய்யட்டும்" என்றார் அந்த அம்மா, அக்கரையாரைக் காட்டி. "மேசையும் அலமாரியும் இவர்தான் செய்யணும். ஆறு வருஷம் மூட்டை அவிழ்த்தவளுக்கு இன்னொரு வருஷம் பெரிசில்ல. தூள் ஒட்டிச்சுன்னு ஊருக்கு நடுவுல சொல்ற ஆளு செஞ்ச மேசையிலதான் என் புத்தகம் உக்காரும்."

ரைட்டு ரைட் ரைட் என்று சொல்லக்கூட மறந்துபோனார். ரசமட்டம் சரிங்க என்று மட்டும் சொன்னார். அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் அவசரமாகக் குனிந்து கையிலிருந்த நாற்றை நட்டார், தலைகீழாக. பின்னல் பெண்களோ பெஞ்சை யாராவது வெட்ட வந்தால் நடக்கிறதே வேறு என்று ரைட்டை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். நிழல் வரும் என்று கேள்விப்பட்ட பிறகு விடுவார்களா?

மதியம் வெறும் கூடைகளைச் சுமந்துகொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. கோபம்தான் என்று நினைத்து அவர் தானாகவே ஆரம்பித்தார். உன் பேச்சுக்குத் தலையாட்டியிருந்தால் முழு வேலையும் கிடைத்திருக்கும், எனக்காக ஊர்முன்னால் பொய் சொன்னவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் என்றார்.

அவள் நின்றாள். கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இன்னைக்குத்தாங்க எனக்குப் பெருமையா இருக்கு."

"இதைச் சொல்ல இருபத்திரண்டு வருஷமா?"

"பின்னே? அவசரப்பட்டு சொல்லக்கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.